படிக்காமல் கொடுத்த புத்தகம்

போர்ட் பிளேர் கப்பல் ஆபீஸின் டிக்கெட் கவுண்டர் கண்ணாடியில் அரைவட்டமாக ஓர் ஓட்டை உண்டு. இருபத்தெட்டு வருடமாக ஜனங்கள் எனக்கு அந்த ஓட்டை வழியாகத்தான் வந்துகொண்டிருக்கிறார்கள். ஃபாரம் வரும், அடையாள அட்டை வரும், கப்பல் ரத்தான நாளில் வசவும் வரும். அன்றைக்கு வந்தவை கும்பிட்ட இரண்டு கைகள். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தும் விரல் நுனியில் ரப்பர் பால் கறை போகவில்லை.

குனிந்து பார்த்தேன். ராமையா. நிக்கோபாரில் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். சென்னையில் ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்புகிறார். சட்டைக்குள் ஆள் பாதிதான் இருந்தார். பின்னால் மருந்துப் பையோடு அவர் மனைவி பாக்கியம்.

"அக்கா, அம்புட்டுப் பேரும் எனக்குப் பொய் சொன்னாங்க. எங்க அண்ணன்மாரு, கூடப் பொறந்தவளுக, இந்தா நிக்கிறாளே, இவ உள்பட. நீங்க ஒருத்தருதான் உண்மையைச் சொன்னீங்க. புத்தகத்தைக் குடுத்துச் சொன்னீங்க. எந்தச் சென்மத்துலயும் மறக்கமாட்டேன்."

வரிசையில் பின்னாலிருந்த ஒருவர், "அரே பய்யா, ஜல்தி கரோ!" என்று அவசரப்படுத்தினார். "சரிங்க, பத்திரமாப் போங்க" என்று சொல்லி, கச்சாலுக்கு இரண்டு டிக்கெட் அடித்து ஓட்டை வழியாகத் தள்ளினேன்.

நான் அவருக்கு எந்த உண்மையையும் சொல்லவில்லை. அந்தப் புத்தகத்தை நான் பாதிதான் படித்திருந்தேன்.

போன வாரம் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள், "சமீபத்தில் என்னென்ன கதைகள் படித்தீர்கள், எங்களுக்கு எதைச் சிபாரிசு செய்வீர்கள்?" என்று கடிதம் போடுகிறார்களாம். "ஒரு அத்தியாயம் லைட்டா எழுதுங்கம்மா" என்றார். லைட்டாகவா! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிபாரிசு என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அந்தக் கும்பிட்ட கைகள்தான் வந்து நிற்கின்றன. அதனால் கேட்டவர்களுக்குப் புத்தகமும் சொல்கிறேன், இதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயர் இல்லாத புத்தகங்கள்

முதலில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கே யாரும் புத்தகத்தைத் தலைப்பு சொல்லிக் கேட்கமாட்டார்கள்.

மெயின்லேண்டிலிருந்து பார்சலில் வரும் புத்தகம் இந்த ஈரக்காற்றில் ஒரு மழையைத் தாங்காது. முதலில் அட்டைதான் பூஞ்சை பிடித்து உரியும். ஆகவே வந்த அன்றே நான் அட்டை போட்டுவிடுவேன். அதற்கு எங்கள் ஆபீஸில் தேதி முடிந்துபோன கப்பல் புரோகிராம் தாள்கள் நிறையக் கிடைக்கும். தடித்த தாள். ஹட் பே எத்தனை மணி, கார் நிக்கோபார் என்ன கிழமை என்று அச்சடித்த பக்கம் வெளியே தெரிய, புத்தகம் உள்ளே போய்விடும். பிறகு தலைப்பு யாருக்குத் தெரியும்? "அந்த உப்பளம் இருக்கா?", "மூணு நாத்தனார் முடிஞ்சிருச்சா?" என்று கதையை வைத்துத்தான் கேட்பார்கள்.

வடக்கே திக்லிபூர் முதல் தெற்கே கச்சால் வரை தமிழ் படிக்கிற வீடுகள் ஓர் இருபது உண்டு. கப்பலில் வேலை பார்க்கும் பையன்களிடம் கொடுத்துவிட்டால் கையோடு கையாய்ப் போய்ச் சேரும். திரும்பியும் வரும். வரும்போது கூடவே கொஞ்சம் கருவாடோ, நாலு தேங்காயோ, ஒரு தாரில் பாதி வாழைப்பழமோ வரும்.

ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் பக்கத்தில் ஒரு சீட்டு வைப்பேன். அதில் கதை இருக்காது. எந்த வீட்டுக்கு ஆகும், எந்த வீட்டுக்கு ஆகாது என்பது இருக்கும். "புது மருமகள் வந்த வீட்டுக்கு இப்போது வேண்டாம்." "அண்ணன் தம்பி பாகப் பிரச்சினை இருந்தால் அவசியம்." "கல்யாணம் நிச்சயமான பெண் கையில் படவே கூடாது."

இந்தச் சீட்டுப் பழக்கம் ஓர் அவமானத்தில்தான் ஆரம்பித்தது. ரொம்ப வருடத்துக்கு முன்னால் ஹட் பேயில் ஒரு கடைக்காரர் வீட்டுக்கு ஒரு நாவல் அனுப்பினேன். அதில் மூத்த பெண் ஓடிப்போகிறாள். என் போறாத காலம், அதே வாரத்தில் அவர்கள் வீட்டுப் பெண்ணும் ஓடிப்போயிருக்கிறாள். எனக்கென்ன தெரியும்? நான் குத்திக்காட்டத்தான் அனுப்பினேன் என்று நினைத்துவிட்டார்கள். புத்தகம் இரண்டாகக் கிழிந்து திரும்பி வந்தது. கருவாடு வரவில்லை. அதற்குப் பிறகுதான், வீட்டைப் பார்த்துப் புத்தகம் கொடுக்க வேண்டும் என்று புத்தி வந்தது.

நாளாக நாளாக என் சீட்டு டாக்டர் சீட்டு மாதிரி ஆகிவிட்டது. "விசாலம் அக்கா எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும்" என்பார்கள். டிக்கெட் அக்கா என்பது போய்ப் புத்தக அக்கா ஆனேன். எனக்கும் அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே பிடித்திருந்தது.

கேட்டவர்களுக்கு

சரி, சிபாரிசு. இந்த நாலு வருடத்தில் கடைசிப் பக்கம் வரை படித்தவை இரண்டே இரண்டு.

ஒன்று உப்பளம். தடித்த நாவல். முதல் நூறு பக்கத்துக்கு வெயிலும் உப்பும் தவிர ஒன்றும் கிடையாது. படிக்கிறவருக்கே நாக்கு வறண்டுவிடும். மூன்று முறை மூடி வைத்தேன். நாலாவது முறை நூறைத் தாண்டினேன். அப்புறம் அக்காளும் தங்கச்சியும் வருகிறார்கள். ஒரே ஒரு சேலைக்காகப் பேச்சை விட்டவர்கள், பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் முப்பது வருடம் உப்பு வாருகிறார்கள். ஒரு வார்த்தை கிடையாது. கடைசியில் யார் முதலில் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கூடப்பிறந்தவர்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் படியுங்கள். படித்துவிட்டுப் போனைத் தேடினால் என்மேல் பழி போடாதீர்கள்.

இன்னொன்று லிஃப்ட்காரர். ஒல்லிப் புத்தகம். நகரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் லிஃப்ட் இயக்குகிற மனிதருக்குத் தன் வீட்டில் மட்டும் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. முழுக் கதையும் ஏறுவதும் இறங்குவதும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குச் சரியாக இருக்கும். எனக்கு அந்த மனிதரை ரொம்பவும் தெரிந்த மாதிரி இருந்தது. அவருக்கும் ஒரு கூண்டு, எனக்கும் ஒரு கூண்டு.

ஒரு சிறுகதைத் தொகுதியும் இருக்கிறது. முதல் கதை பிரமாதம். மற்றதெல்லாம் முதல் கதையையே திருப்பித் திருப்பி எழுதியவை. கடன் வாங்கிப் படிக்கலாம், காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

மூணு நாத்தனாரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எல்லோரும் கொண்டாடுகிற நாவல். நானும் கொண்டாடினேன். ஆறு பேருக்காவது, "விட்டுராதீங்க, கடைசி அத்தியாயம் கண்ணுல தண்ணி வந்துரும்" என்று சொல்லியிருக்கிறேன். நான் படித்தது நாற்பது பக்கம். கடைசி அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது.

ஆமாம். சொல்லிவிட்டேன்.

எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. களைப்புதான். கவுண்டருக்குக் கம்ப்யூட்டர் வந்தபிறகு வேலை குறையும் என்றார்கள்; சர்வர் படுத்துக்கொண்டால் நூறு பேர் முகத்தையும் நான்தானே பார்க்க வேண்டும்? கடல் சரியில்லை என்று கப்பல் நின்றால், கடலையே நான்தான் கலக்கிவிட்ட மாதிரி திட்டுவார்கள். இந்தியில் ஒரு வசவு, பெங்காலியில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. தமிழில் வருவதுதான் உறைக்கும். சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே சௌல்தாரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, உலை வைத்து இறக்கிப் புத்தகத்தைத் திறந்தால் நாலு பக்கம். எழுத்து எறும்பாக ஊர ஆரம்பித்துவிடும்.

"விசாலம், நீ புத்தகம் படிக்கிறியா, இல்ல புத்தகம் ஒனக்குத் தாலாட்டுப் பாடுதா?" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கு ரிட்டயர் ஆன கொழுப்பு.

ஆனால் ஜனங்கள் கேட்பதை நிறுத்தவில்லையே. அடுத்தது என்ன, அடுத்தது என்ன? முதல் ஐம்பது பக்கம், பின்னட்டை, எங்காவது வந்த மதிப்புரை, ஏற்கெனவே படித்தவர் வாயைக் கிளறியதில் கிடைத்தது – இவ்வளவும் போதும், ஒரு சீட்டு எழுதிவிடலாம். இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அதுவே எனக்குத் தைரியமாகிவிட்டது.

சைக்கிள்கடை

பாக்கியத்தின் தாய் தகப்பன் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கச்சாலுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். தேயிலை போய் ரப்பர் வந்தது. அவள் கைக்குழந்தையாக வந்தவள். வீட்டுப் பேச்சு இன்னமும் அந்த மலைப்பேச்சுதான். முடியாது என்று சொல்லமாட்டாள், ஏலாது என்பாள். எட்டாவது வரை படித்தவள். ராமையா பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை.

அவர்கள் வீட்டில் படிப்பது என்றால் பாக்கியம் வாய்விட்டுப் படிப்பாள், ராமையா கேட்பார். ஞாயிற்றுக்கிழமை பால் வெட்டு இல்லாததால் அது அவர்களுக்குப் புத்தகக்கிழமை. வரிமேல் விரல் வைத்து, மெதுவாக, ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். முன்னால் புரட்டிப் பார்க்கிற பழக்கமே கிடையாது. "நான் மட்டும் முடிவைப் பாத்துட்டா அவரை ஏமாத்துன மாதிரி ஆயிரும்க்கா" என்பாள். ராமையாவுக்குக் கதைமாந்தர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள்தான். எப்போது போர்ட் பிளேர் வந்தாலும் கவுண்டரில் குனிந்து, "அந்த லிஃப்ட்காரரு மாதிரி இன்னொரு நல்ல மனுசன் வந்தா சொல்லியனுப்புங்க" என்பார்.

போன மழைக்கு முந்திய மழையில் அவருக்கு வயிற்றில் கட்டி என்று போர்ட் பிளேருக்கு வந்தார்கள். இரண்டு வாரம் இங்கே பார்த்துவிட்டுச் சென்னைக்கு ரெஃபர் என்று எழுதிவிட்டார்கள். பிளேனில் போகலாம் என்றதற்கு ராமையா ஒத்துக்கொள்ளவில்லை. கப்பல்தான் வேண்டும். மூன்று நாள் கடலில், ஒரு புத்தகத்தை உட்கார்ந்து முடித்துவிடலாமாம்.

பாக்கியம் கவுண்டருக்கு வந்தாள். கண்ணெல்லாம் குழி.

"அக்கா, அவரு கண்ண மூடுனா தூங்குறாருன்னு நெனைக்காதீங்க, யோசிக்கிறாரு. எனக்குப் பாக்கவே ஏலல. சிரிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க. நல்லாச் சிரிக்கிற மாதிரி."

டிராயரில் சைக்கிள்கடை இருந்தது. புதிது. சிறிய ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கிற ஒருவர். பஞ்சர் ஒட்ட வருகிறவர்களிடம் எல்லாம் வாய்கொடுத்து மாட்டிக்கொள்வார். ஒரு நாள் வயிற்றுவலி என்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்கிறார். வார்டில் பக்கத்துக் கட்டில்காரரோடு ஜன்னலுக்குச் சண்டை. நான் பஸ்ஸில் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்ததில், பக்கத்தில் நின்ற அம்மாள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். ஜன்னல் சண்டை வரை படித்திருந்தேன். அதன் பிறகு தூங்கிவிட்டேன். அவ்வளவுதான் என் வாசிப்பு.

ஆஸ்பத்திரி, வயிறு, சிரிப்பு. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன். சீட்டு எழுதினேன்: "சிரித்துக்கொண்டே படிக்கலாம். வீட்டில் உடம்பு முடியாதவர் இருந்தால் கட்டாயம் கடைசிவரை படிக்கவும்."

கடைசிவரை என்று என் கையாலேயே எழுதினேன்.

ஹேடோவில் அரைமணி நேரம்

அவர்கள் கப்பல் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் என் சிநேகிதி தேவகி டீச்சர் வந்தாள். கடலுக்கு அந்தக் கரையில் பேம்பூ ஃபிளாட் என்கிற ஊரில் இருக்கிறாள். போட்டில் சாத்தம் ஜெட்டிக்கு வந்து இறங்கினால் என்னைப் பார்க்காமல் போகமாட்டாள். லீவில் மதுரை போயிருந்தபோது சைக்கிள்கடையைப் படித்திருந்தாள். டீ குடித்துக்கொண்டே, அதை யாருக்குக் கொடுத்தேன் என்று கேட்டாள். சொன்னேன்.

டம்ளரைக் கீழே வைத்தாள். "அடிப்பாவி! உடம்பு முடியாத மனுசனுக்கா? அதுல அவன் செத்துப்போறான்டி. எல்லாரும் தன்கிட்டப் பொய் சொல்றாங்கன்னு தெரிஞ்சு, ஊசியும் வேணாம் மருந்தும் வேணாம்னு வீட்டுக்கு வந்து செத்துப்போறான். ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல. ஏன் விசாலம், நீ படிச்சிட்டேன்னு சொன்னியே?"

"மறந்துருச்சு" என்றேன். முடிவு மறந்துவிட்டதாம்! அந்த நேரத்திலும் படிக்கவில்லை என்று வாயில் வரவில்லை பாருங்கள்.

சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்து ஹேடோ போனேன். மெயின்லேண்ட் கப்பல் அங்கேதான் நிற்கும். ஆட்களை இன்னும் ஏற்றவில்லை. கூடத்தில் கச்சால் ஆட்களாகப் பத்துப் பேர் வழியனுப்ப வந்திருந்தார்கள். நடுவில் டிரங்குப் பெட்டிமேல் ராமையா. மடியில் கப்பல் புரோகிராம் தாள் போட்ட புத்தகம்.

"அக்கா வந்துட்டாங்க! பாத்தியா பாக்கியம், வழியனுப்ப அக்காவே வந்துட்டாங்க." ஆள் எழுந்து நிற்கப் பார்த்தார். "நேத்தே ஆரம்பிச்சிட்டம்க்கா. ரெண்டு அத்தியாயம். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குதுன்னு இவகிட்டச் சொன்னேன், பயந்துட்டா."

எல்லோரும் சிரித்தார்கள்.

"அது... அந்தப் புத்தகம் வேணாம், இன்னொண்ணு கொண்டாந்திருக்கேன்" என்றேன். பையில் லிஃப்ட்காரர் இருந்தது.

"ஏன்க்கா? நல்லாத்தானே போகுது? லிஃப்ட்காரரைத்தான் போன வருசமே கேட்டுட்டமே."

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். அதில் நாலு பேர் வீட்டுக்கு என் சீட்டு போகிறது. "நான் இதை முழுசாப் படிக்கலை" என்று சொன்னால் முடிந்தது. நாலே வார்த்தை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். என் மானம் போயிருக்கும், அவ்வளவுதானே? அந்த மானத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன்?

"நடுவுல தாள் கிழிஞ்சிருக்குமோன்னு பாத்தேன்" என்றேன்.

"கிழிஞ்சிருந்தா பரவாயில்லக்கா, இவ சேத்துப் படிச்சிருவா" என்றார் ராமையா.

கேட் திறந்தார்கள். நான் லிஃப்ட்காரரைப் பையில் வைத்துக்கொண்டு கவுண்டருக்குத் திரும்பினேன்.

மறுபடி அந்த ஓட்டை

மூன்று மாதம் கழித்துத்தான் அந்தக் கும்பிட்ட கைகள் வந்தன. டிக்கெட்டை வாங்கியபிறகும் அவர் நகரவில்லை. வரிசை கத்தினாலும் பரவாயில்லை என்று நின்று சொன்னார்.

கப்பலில் இரண்டாம் நாளே கதை முடிந்துவிட்டதாம். முடிவைக் கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். "அப்புறம் இவகிட்டச் சொன்னேன், அக்கா தெரிஞ்சுதான் குடுத்திருக்காங்க, சீட்டுலகூட எழுதியிருக்காங்க பாருன்னு. அன்னைக்கு மனசு கழுவி விட்ட மாதிரி ஆயிருச்சு." சென்னையில் ஓர் ஆபரேஷன் செய்தார்கள். இன்னொன்று செய்து பார்க்கலாம் என்றாராம் டாக்டர். குணமாகும் என்று சொல்லவில்லை. செய்து பார்க்கலாம் என்றுதான். "சைக்கிள்கடைக்காரரு வீட்டுக்குப் போனாருல்ல, நானும் போறேன்னு சொல்லிட்டேன்க்கா."

பாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கணக்குத்தான். இரண்டாவது ஆபரேஷன் செய்திருந்தால் பிழைத்திருப்பாரோ? டாக்டருக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் நான் தூங்கிப்போன இடத்திலிருந்து ஒரு மனிதர் தன் ஆயுசுக்கு முடிவெடுத்துவிட்டாரே. யாரிடம் போய்ச் சொல்வது இதை? வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீயா அவருக்குக் கட்டியைக் குடுத்த?" என்றார். ஆறுதல்தான். ஆறவில்லை.

நாலு மாதம் இருந்தார். மழை தொடங்கிய வாரத்தில் போய்விட்டார். கப்பல் பையன்தான் சேதி கொண்டுவந்தான். லீவு இல்லை, கச்சாலுக்குப் போக அனுமதிப் பாஸ் எடுக்க நாளாகும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், பாக்கியத்தின் முகத்தைப் பார்க்கப் பயம்.

பாக்கியம் வந்தாள்

அவள்தான் வந்தாள். ஏதோ சர்டிஃபிகேட் வேலையாகப் போர்ட் பிளேர் வந்தவள், ஊர் திரும்பும் நாளில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்து ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் என் கவுண்டருக்கு வந்தாள். கவுண்டரை மூடிவிட்டு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். என் டிஃபனில் பாதி அவளுக்குக் கொடுத்தேன். சாப்பிட்டாள். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். அவரைப் பற்றி இரண்டு பேரும் எடுக்கவில்லை.

கை கழுவியபிறகு எனக்குப் பொறுக்கவில்லை.

"பாக்கியம், ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தச் சைக்கிள்கடையை நான்..."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"நீங்க படிக்கலன்னு."

பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். பின்பாதியைப் பிரித்து என் பக்கம் திருப்பினாள். தாள்களின் ஓரம் எல்லாம் பிசிறு பிசிறாக இருந்தது.

"இந்த எடத்துலருந்து கடைசி வரைக்கும் தாளு ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டு இருந்திச்சு. அச்சுப் போட்ட எடத்துலயே வெட்டாம உட்டுட்டாங்க. அவரு சவரம் பண்ற பிளேடை எடுத்து நாந்தான் ஒவ்வொண்ணா வெட்டுனேன். வெட்டி வெட்டித்தான் படிச்சேன். வெட்டாத தாளை நீங்க எப்புடிக்கா படிச்சிருப்பீங்க?"

புத்தகத்தை வாங்கி, பிசிறு ஓரங்களை விரலால் தடவினேன்.

"அவருக்குத் தெரியுமா?"

"அவரு படுத்திருந்தாரு. முதுகைக் காட்டிக்கிட்டு வெட்டுனேன். ஒங்க மேல வச்சிருக்கிற மதிப்பு போயிருமேன்னு அப்ப மறைச்சேன். முடிவு இப்புடி இருக்கும்னு எனக்குத்தான் தெரியாதே. பொறவு படிச்சிட்டம். 'அக்கா தெரிஞ்சுதான் குடுத்திருக்காங்க'ன்னாரு. இல்லன்னு சொல்ல வாயெடுத்தேன். ஏலல. அதுக்குள்ள அவரு பேச ஆரம்பிச்சிட்டாரு. பிள்ளைங்களைப் பத்தி, தனக்குப் பொறவு நான் எப்புடி இருக்கணும்னு. கண்ணாலம் ஆனதுலருந்து எங்கிட்டப் பேசாததெல்லாம் அந்த ஒரு நாளுல பேசுனாரு."

வெளியே ஸ்பீக்கரில் கப்பல் பெயரை இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

"ரெண்டாவது ஆபரேசன் வேணாம்னாரே, அப்பவாச்சும் சொல்லியிருக்கணும். அந்த அக்கா படிக்கவே இல்லைங்க, தெரியாமக் குடுத்துட்டாங்கன்னு. சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாரோ என்னமோ. சொல்லல. வீட்டுல நாலு மாசம் சந்தோசமா இருந்தாரு, அதுல பொய்யில்ல. ஆனா நாஞ்செஞ்சது சரியா தப்பான்னு இன்னும் வெளங்கல. ஒங்க மேல எனக்குக் கோவந்தான்க்கா. இல்லன்னு சொன்னா அது பொய்."

"படு" என்றேன். கோபப்படு என்று சொல்ல வந்தேன், பாதிதான் வந்தது. அழுதேன். அவள் அழவில்லை. என் தோளில் கை வைத்தாள், எடுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஜஹாஜு கெளம்ப இன்னும் நேரம் கெடக்கு" என்றாள். "எனக்கு ஒரு புத்தகம் குடுங்க. ஞாயித்துக்கெழமை வந்தா வீட்டுல உக்கார ஏலல. இனி எனக்கு நானேதான் படிச்சிக்கணும்."

எழுந்து டிராயரைத் திறந்தேன். அட்டை போட்டு ஏழு புத்தகம் தயாராக இருந்தன. ஏழிலும் சீட்டு எழுதி வைத்திருந்தேன்.

"அக்கா" என்றாள் பின்னாலிருந்து. "நீங்க கடைசி வரைக்கும் படிச்சதாப் பாத்துக் குடுங்க."

ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். டிராயரை மூடினேன்.

"இப்ப எங்கிட்ட இல்ல, பாக்கியம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமாகவும் இல்லை, இரக்கமாகவும் இல்லை.

"அப்ப படிச்சிட்டு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கப்பலுக்குப் போனாள்.